அலைவரிசை கேள்வி பதில்: பெங்களூரில் மெல்லிசை

கேள்வி: பெங்களூர்த் தமிழர்கள் விவித பாரதி வருவதற்கு முன்பு மெல்லிசை கேட்க என்ன செய்தார்கள்? பெங்களூருக்கு வானொலி நிலையம் எப்போது வந்தது?
– அல்சூர் வாசகர்

பதில்: நிலையம் வந்தது 1955 நவம்பரில். அதற்கு முன்னால் இந்தப் பக்கத்துக்கு மைசூர்தான். அங்கே உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935-இல் தம் வீட்டிலேயே 30 வாட் டிரான்ஸ்மிட்டர் வைத்து ஒலிபரப்பைத் தொடங்கினார். அகில இந்திய வானொலிக்கு ஆகாசவாணி என்ற பெயர் அந்த வீட்டு நிலையத்திலிருந்து வந்ததுதான்.

மெல்லிசை விஷயம் சற்று வேறு. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை விரும்பாதவர். அகில இந்திய வானொலியில் அது ஏறக்குறைய மறைந்தே போனது. அந்த இடத்தை நிரப்பத்தான் நிலையங்களில் மெல்லிசைப் பிரிவுகள் வந்தன. கவிஞர்களிடம் பாட்டு எழுதி வாங்கி, நிலையத்து வாத்தியக் கலைஞர்களை வைத்து இசையமைத்து ஒலிபரப்பினார்கள். அவற்றில் அருமையான பாடல்கள் உண்டு. ஆனால் நேயர் கை சிற்றலைக்கு (ஷார்ட் வேவ்) திரும்பிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனமும், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்றவர்களும் தமிழ்ப் பாட்டுக்கு முன்னால் பேசிய விதமே தனி.

அந்த நேயர்களைத் திரும்பப் பிடிக்க 1957 அக்டோபரில் தொடங்கியதுதான் விவித பாரதி. முதல் பத்து ஆண்டுகள் அதில் விளம்பரமே கிடையாது. 1967 நவம்பரில் பம்பாய், புணே, நாக்பூரில்தான் விளம்பரம் தொடங்கியது. இசைக்கு நடுவே மூச்சுவிட இடம் கொடுத்த நிகழ்ச்சி அமைப்பு விளம்பரமில்லாத அந்தப் பத்தாண்டில் உருவானது என்பது எங்கள் கணிப்பு.

கேள்வி: இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம். பெங்களூரில்தானே வந்தது? பிறகு ஏன் எல்லா நிலையங்களிலும் ஒரே மாதிரி வேகப் பாட்டு?
– ஜீவன்பீமா நகர் வாசகி

பதில்: ஆம் அம்மா, 2001 ஜூலை 3-ஆம் தேதி ரேடியோ சிட்டி இங்கேதான் தொடங்கியது. காற்றலை பொதுமக்கள் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்ன தீர்ப்புதான் அதற்கு வழி திறந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை உரிமக் கட்டணத்தில் இருக்கிறது. முதல் கட்ட ஏலத்தில் ஆண்டுக் கட்டணம் ஒரு நிலையான தொகை. அது ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறும், உரிமம் 10 ஆண்டுகளுக்கு. மும்பையில் அந்தத் தொகை 9.75 கோடி ரூபாய். அதையே 15 சதவீதம் கூட்டிக்கொண்டு போனால் பத்தாம் ஆண்டில் 34 கோடியைத் தாண்டும்! விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். 108 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்து, கடைசியில் ஒலித்தவை 21 தான். 2005-இல் வந்த இரண்டாம் கட்டத்தில் நுழைவுக் கட்டணத்தோடு வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றினார்கள். நிலையங்கள் பிழைத்தன. 2006-இல் ரேடியோ இண்டிகோ 91.9-இல் ஆங்கிலப் பாட்டுக்கென்றே வந்தது அதற்குப் பிறகுதான். ஆனாலும் அலைவரிசைக்குக் கொடுத்த ஏலப் பணம் திரும்ப வர வேண்டுமே. அதிகப் பேர் கேட்கும் நிலையத்துக்கே விளம்பரம் போகிறது, அதிகப் பேரை இழுப்பது புதுப்படப் பாட்டு. ஆகாசவாணியின் அமிர்தவர்ஷிணி 100.1-இல் சாஸ்திரிய சங்கீதத்தை மட்டுமே ஒலிபரப்பி ஒரு சானலை நடத்த முடிந்ததற்குக் காரணம், அந்தக் கணக்கு அதற்கு இல்லை என்பதே.

கேள்வி: தருமபுரி பண்பலை 102.5 எங்கள் வீட்டில் விட்டு விட்டுக் கேட்கிறது. பெங்களூர் விவித பாரதி மேலே ஏறிவிடுகிறது. வழி உண்டா?
– எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்

பதில்: உண்டு. விவித பாரதி 102.9-இல் இருக்கிறது, இடைவெளி 400 கிலோஹெர்ட்ஸ்தான். தருமபுரி உங்களுக்கு நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். அருகில் இருக்கும் பெரிய சத்தம் தூரத்துச் சின்னச் சத்தத்தை மூடுகிறது. பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் இந்த அளவுக்காவது வருகிறது.

முதலில் ரேடியோவை மோனோவுக்கு மாற்றுங்கள். பலவீனமான சிக்னலில் ஸ்டீரியோவைக் கைவிட்டாலே இரைச்சல் பாதிக்கு மேல் குறையும். அடுத்து ஒரு டைபோல், அதாவது இரு கம்பி ஆண்டெனா, கட்டுங்கள். தலா 70 சென்டிமீட்டர் செப்புக் கம்பி இரண்டை ஒரே கோட்டில் பிளாஸ்டிக் குழாயில் கட்டி, நடுவில் 2 சென்டிமீட்டர் விட்டு, ஒன்றில் டிஷ் கேபிளின் உள்கம்பியையும் மற்றதில் வெளிவலையையும் பற்றவையுங்கள். தருமபுரி உங்களுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. ஆகவே கம்பிகள் வடகிழக்கு–தென்மேற்காக நீள வேண்டும். பிறகு 102.5 மிகத் தெளிவாகக் கேட்கும் வரை சற்றே திருப்பிப் பாருங்கள். கம்பியின் நுனி காட்டும் திசையிலிருந்து டைபோல் மிகக் குறைவாகவே வாங்கும்.

ஒரே பாட்டு டயலில் நாலைந்து இடத்தில் கேட்டால் ஆண்டெனா அளவுக்கு மேல் கொடுக்கிறது, ரேடியோ திணறுகிறது என்று பொருள். கேபிளை நேரடியாக மாட்டாமல் ரேடியோவின் குச்சி ஆண்டெனா அருகில் வைத்தாலே போதும். மார்கழி விடியற்காலையில் தானாகவே தெளிவாகக் கேட்டால் ரேடியோவைப் பாராட்ட வேண்டாம். தரையோரம் குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும்போது அலை வளைந்து தூரம் போகும். வெயில் ஏறினால் போய்விடும்.

கேள்வி: ராத்திரியில் சென்னை 720, திருச்சி 936 மத்திய அலை கேட்க ஆசை. ஆனால் ஒரே கரகரப்பு.
– ஸ்ரீராமபுரம் வாசகர்

பதில்: கரகரப்பு பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். அடங்கினால் ஒவ்வொன்றாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடிக்கலாம். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், மின்விசிறி ரெகுலேட்டர் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். அடங்காவிட்டால் பக்கத்து வீடு, அப்போது மொட்டைமாடிதான்.

ரேடியோவுக்குள் ஆண்டெனாவாக இருக்கும் ஃபெரைட் குச்சியும் திசை பார்க்கும். சென்னை நமக்கு நேர் கிழக்கு, குச்சி வடக்கு–தெற்காக இருக்க வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் ஒரு வளைய ஆண்டெனா செய்யலாம்: 60 சென்டிமீட்டர் சதுர மரச்சட்டத்தில் 12 சுற்று கம்பி, சுற்றுக்குச் சுற்று 6 மில்லிமீட்டர் இடைவெளி. சுமார் 30 மீட்டர் கம்பி பிடிக்கும். இரு முனைகளையும் பழைய ரேடியோவின் 500 பிகோஃபாரட் கேங் கண்டென்சரில் (நிலையம் மாற்றத் திருப்பும் பாகம்) இணையுங்கள். ரேடியோவோடு ஒயர் எதுவும் வேண்டாம், சட்டத்தின் பக்கத்தில் வைத்து, ஒலி எழும்பும் வரை கண்டென்சரைத் திருப்பினால் போதும்.

கேள்வி: எங்கள் சங்கம் சமுதாய வானொலி தொடங்கி நாள் முழுதும் பழைய தமிழ்ப் பாட்டு போடலாமா?
– சிவாஜிநகர் வாசகர்

பதில்: பதிவு செய்த, லாப நோக்கமில்லாத அமைப்பாகக் குறைந்தது 3 ஆண்டுகள் இயங்கியிருந்தால் விண்ணப்பிக்கலாம். அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட், சில கிலோமீட்டர் வட்டத்துக்கு எட்டும். ஆனால் பாதி நிகழ்ச்சியாவது அந்த வட்டாரத்தில், அந்த மக்களோடு தயாரானதாக இருக்க வேண்டும். பழைய பாட்டு மட்டும் போட அந்த உரிமம் பொருந்தாது.

இணைய வானொலிக்கு உரிமம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். அலைவரிசை வேண்டாம், பாட்டுக்கு அனுமதி வேண்டும். உரிமையாளரின் தனி அனுமதி இல்லாமலே, நிர்ணயித்த கட்டணம் கட்டிப் பாட்டு போடலாம் என்று ஒலிபரப்பாளர்களுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 31-டி பிரிவு தரும் சலுகை இணையத்தில் பாட்டு வழங்குவோருக்குச் செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. உங்கள் வட்டாரப் பாடகர்களை வைத்து, அந்தக் கால நிலையங்கள் செய்தது போல் சொந்த மெல்லிசை பதிவு செய்யுங்கள். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மூவரிடமும் பதிவுக்கு முன்பே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.