குதிரை வாங்கினால் பயம் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 44, ஊர் கோவை. பள்ளி, கல்லூரி நாட்களில் எட்டு வருடம் குதிரையேற்றம் பழகியவள். கேண்டர் என்ற மிதமான பாய்ச்சல் வரை பயமில்லாமல் போவேன். இருபது வருடம் கழித்து இப்போது மறுபடி ஒரு ரைடிங் பள்ளியில் சேர்ந்தேன். இரண்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதல் வகுப்பில், வேலியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பை படபடத்ததும் குதிரை விலகிப் பாய்ந்தது, விழுந்தேன். எலும்பு முறிவு இல்லை. ஆனால் அதிலிருந்து ட்ராட் என்ற துள்ளுநடை ஆரம்பித்தாலே கை நடுங்குகிறது. வகுப்பு முடிந்தால் மூன்று நாள் தொடை வலி. மாஸ்டர் "யோசிக்காதீங்க, கேண்டர் எடுங்க, சரியாகிடும்" என்கிறார். அவர் அறிமுகப்படுத்திய ஒரு தரகர், "சொந்தக் குதிரை இருந்தால்தான் பயம் போகும், ரேஸ் நின்னு போனதால இப்ப மலிவு" என்று, ஓய்வுபெற்ற ஆறு வயது பந்தயக் குதிரையை 1.2 லட்சத்துக்குச் சொல்கிறார். 10,000 ரூபாய் முன்பணமும் அனுப்பிவிட்டேன். வாங்கலாமா? அல்லது இந்த வயதில் இதை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: முதலில், அந்தக் குதிரையை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் விழுந்தது செவ்வாய்க்கிழமை முதல் வகுப்பில். பல ரைடிங் பள்ளிகளுக்குத் திங்கள் விடுமுறை. ஞாயிறு மாலையிலிருந்து குதிரை லாயத்திலேயே நிற்கும். கொள்ளும் ஓட்ஸும் மட்டும் வழக்கமான அளவில் உள்ளே போய்க்கொண்டிருக்கும். செவ்வாய்க் காலை அந்த முறுக்கெல்லாம் சேர்ந்து வெளியே வரும்போது மேலே உட்கார்ந்திருந்தவர் நீங்கள். பிளாஸ்டிக் பை வெறும் சாக்கு. வகுப்புக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் குதிரையை நீளக் கயிற்றில் சுற்றவிட்டுத் தணித்திருக்க வேண்டியது பள்ளியின் வேலை. இதில் உங்கள் வயதுக்குப் பங்கு குறைவு. இனி செவ்வாய்க் காலையை விட்டுவிட்டுப் புதன் அல்லது வியாழன் மாலை நேரம் கேளுங்கள். ஏறுவதற்கு முன் குதிரையைப் பராமரிக்கும் சைஸிடம் ஒரே கேள்வி: "நேற்று இதுக்கு என்ன வேலை?" பதில் "ரெஸ்ட்" என்றால் வேறு குதிரை.

கை நடுங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதன் விளைவு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பயந்தவுடன் மூச்சு நிற்கும், உடம்பு முன்னால் குனியும், முழங்கால் சேணத்தை இறுக்கும். முழங்கால் இறுகினால் கீழ்க்கால் பின்னால் நழுவி, குதிகால் குதிரையின் விலாவில் உரசும். குதிரைக்கு அது "வேகமாகப் போ" என்ற கட்டளை. அதே நேரம் கை லகானை இழுக்கும், அது "நில்". இரண்டு கட்டளையும் ஒன்றாக வந்தால் எந்தக் குதிரையும் குழம்பும். இந்த நிலையில் "கேண்டர் எடுங்க" என்று சொல்லுகிற மாஸ்டருக்குக் குதிரை தெரிந்திருக்கலாம், மனிதர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை. நம் நாட்டில் ஆட்டோ ஓட்ட உரிமம் வேண்டும். 450 கிலோ விலங்கின் மேல் ஆளை ஏற்றிக் கற்றுக்கொடுக்க எந்த உரிமமும் கேட்பாரில்லை. இரண்டு குதிரையும் ஒரு பலகையும் இருந்தால் அது அகாடமி.

அதனால் கேண்டரை மறந்துவிட்டு, நடுக்கம் வராத நடைக்குத் திரும்புங்கள். உங்களுக்கு அது வாக், அதாவது சாதாரண நடை. முதல் நான்கு வகுப்பு நீளக் கயிற்றில் கேளுங்கள், லஞ்சிங் என்பார்கள். மாஸ்டர் நடுவில் நின்று சுமார் 20 மீட்டர் வட்டத்தில் குதிரையைப் பார்த்துக்கொள்வார், உங்களுக்கு லகான் கவலை இருக்காது. குதிரையின் கழுத்தைச் சுற்றி, கால் வைக்கும் வளையமான அங்கவடியின் பழைய வார் ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் பிடிக்க வேண்டியது அந்த வார். லகானைப் பிடித்துத் தொங்கினால் குதிரையின் வாய்தான் கிழியும். வாக்கில் நான்கு அடிக்கு மூச்சை உள்ளே, நான்கு அடிக்கு வெளியே. அதுவும் முடியவில்லையா, ஏதாவது பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள். பாடுகிறவரால் மூச்சைப் பிடித்து வைக்க முடியாது.

ஐந்தாவது வகுப்பிலிருந்து ட்ராட், ஆனால் பத்துப் பன்னிரண்டு அடி மட்டும். நீங்களே நிறுத்த வேண்டும், குதிரை தானாக நிற்பதற்கு முன். ஒரு வகுப்பில் பத்துத் தடவையாவது இப்படித் தொடங்கி நிறுத்துங்கள். நிறுத்தத் தெரியும் என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் நடுக்கம் குறையும், தைரியம் சொல்லிக் குறையாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: அதே குதிரை, அதே திடல் என்றால் புது நடை, புதுக் குதிரை என்றால் பழைய நடை. கூடவே, நிற்கிற குதிரையிலிருந்து அவசரமாக இறங்கப் பழகுங்கள். முதலில் இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுக்க வேண்டும், பிறகுதான் முன்னால் சாய்ந்து குதிப்பது. ஒரு கால் உள்ளே மாட்டியிருக்கக் குதிப்பவர்கள்தான் இழுபட்டுப் போகிறார்கள்.

அங்கவடி என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிச் சேணங்களில் இடது வார் நீண்டுபோயிருக்கும், எல்லோரும் அந்தப் பக்கம் மிதித்து ஏறுவதால். ஓட்டை எண்ணிக்கை சமமாக இருந்தாலும் நீளம் சமமாக இருக்காது. ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தபடியே சவாரி செய்கிறீர்கள் என்பதே தெரியாது. வார்களை இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள், ஏறுவதற்கு ஒரு மேடை கேளுங்கள். காலைத் தொங்கவிட்டால் அங்கவடியின் அடிக்கட்டை கணுக்கால் எலும்புக்கு வர வேண்டும். முழங்கால் வலித்தால் ஓர் ஓட்டை இறக்குங்கள். வயிற்று வாரை ஏறுமுன் ஒரு தடவை, ஐந்து நிமிடம் நடந்தபின் இன்னொரு தடவை இறுக்க வேண்டும். சில குதிரைகள் முதல் தடவை வயிற்றை உப்பிக்கொண்டு நிற்கும். குதிகால் இல்லாத ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டாம், பாதம் அங்கவடிக்குள் வழுக்கிப் புகுந்துவிடும். ஹெல்மெட்டின் உள்ளே, குதிரையேற்ற ஹெல்மெட்டுக்கான தரக் குறிகளான பாஸ் 015, விஜி1, ஏஎஸ்டிஎம் எஃப்1163 இவற்றில் ஒன்று அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது. நீங்கள் விழுந்தபோது தலை தரையில் பட்டிருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் அந்த ஹெல்மெட் இனி உதவாது.

தொடை வலி எளிய விஷயம். நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்த உடம்பில் உள்தொடைத் தசைக்கு வேலையே இல்லை, இடுப்பின் முன்பக்கத் தசை குறுகிப் போயிருக்கிறது. வாரம் மூன்று நாள், இருபது நிமிடம் போதும். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலிபோல் உட்காருவது, 30 வினாடி, மூன்று முறை. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. பக்கவாட்டு பிளாங்க், பக்கத்துக்கு 20 வினாடி. மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை இறக்கி 30 வினாடி. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி இடுப்பை முன்தள்ளி 30 வினாடி. மற்ற நாட்களில் அரை மணி நேரம் வேகமான நடை. ஒரு மணி நேர வகுப்பை, வாரம் இரண்டு அரை மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கழுத்துவாரைப் பிடித்தபடி, வாக்கில் அங்கவடியில் எழுந்து நின்று இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தால், குதிகாலும் மேலே எழும்பாவிட்டால், நீண்ட ட்ராட்டுக்குக் கால் தயார். எட்டு வாரத்தில் வந்துவிடும்.

இனி தரகர். நீங்கள் பயந்திருக்கிறீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? மாஸ்டர் சொல்லித்தான். விற்றால் மாஸ்டருக்கும் ஒரு பங்கு போகலாம். இந்தத் தொழிலில் இது ஊரறிந்த ரகசியம். ஊட்டியிலும் கிண்டியிலும் பந்தயத் திடல் நிலத்தை 2024-இல் அரசு மீட்கப்போன செய்தியை வைத்துக்கொண்டு "மலிவு, மலிவு" என்று ஆள் பிடிக்கிறார்கள். விலை எப்போதுமே பெரிய செலவல்ல. முழுநேர சைஸ் ஒருவரின் ஒரு வருடச் சம்பளமே 1.2 லட்சத்தைத் தாண்டும். 450 கிலோ குதிரை ஒரு நாளைக்குப் புல், தீனி சேர்த்து உலர் எடையில் சுமார் ஒன்பது கிலோ சாப்பிடும். ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை லாடம். இதில் எதையும் தரகர் சொல்லியிருக்க மாட்டார்.

பந்தயக் குதிரை கெட்ட குதிரை என்று நான் சொல்லவில்லை. அது கற்றது வேறு பாடம். ஒன்றரை, இரண்டு வயதிலிருந்து அதன் முதுகில் ஐம்பத்துச் சொச்சம் கிலோ ஜாக்கி, சேணத்தில் உட்காராமல் குட்டையான அங்கவடியில் நின்றபடி போகிறார். லகான் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு ஓடுவது அதற்குப் பழக்கம். நீங்களோ பயந்தால் லகானை இழுப்பவர். நீங்கள் நிறுத்த நினைத்து இழுப்பீர்கள், அது அழைப்பு என்று நினைத்து ஓடும். அதை மறுபடி பழக்க ஒரு தேர்ந்த ஆளுக்கே மாதக்கணக்கில் ஆகும். இனி யார் எந்தப் பந்தயக் குதிரையைக் காட்டினாலும், இளவயதில் ஏன் ஓய்வு பெற்றது என்று கேளுங்கள். கால் பழுதாக இருக்கலாம். முன்காலில் முழங்காலுக்குக் கீழே பின்புறம் ஓடும் தசைநார் இழுத்துக் கட்டிய கயிறுபோல் நேராக இருக்க வேண்டும். வில்லாக வளைந்து புடைத்திருந்தால் பழைய காயம். கெட்டித் தரையில், ஆள் ஏறாமல், நேர்கோட்டில் ட்ராட் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வலிக்கிற முன்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது தாழும். இதைப் பார்க்க யாருக்கும் படிப்பு வேண்டாம்.

ஆனால் அன்றைக்கு வலி தெரியாமல் செய்யவும் வழி இருக்கிறது. 'பியூட்' என்று லாயத்தில் சொல்லும் ஃபினைல்பியூட்டசோன் கொடுத்தால் ஓரிரு நாள் நொண்டல் மறையும். ஏசிபி என்ற மருந்தால் முரட்டுக் குதிரை சில மணி நேரம் சாதுவாக நிற்கும். ஊசியே போடாமல், நீங்கள் வரும் முன் ஒரு மணி நேரம் ஓட்டிக் களைக்க வைப்பது இன்னும் சுலபம். போனவுடன் சேணம் வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் அன்றைக்குப் பேச்சே வேண்டாம். சொல்லாமல் போங்கள், காலையில் போங்கள், விற்பவரை முதலில் ஏறச் சொல்லுங்கள். மருத்துவர் நீங்கள் அமர்த்தியவராக இருக்க வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் மாட்டுக்கு மருத்துவர் கிடைப்பார், குதிரைக் கால் பார்க்கத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தச் சிரமத்தை நம்பித்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். "டாக்டர் ரத்தம் எடுத்து வைப்பார்" என்று சொல்லிப் பாருங்கள், பலர் அங்கேயே பின்வாங்குவார்கள். பந்தயக் குதிரை என்றால் பந்தயக் குதிரைகளைப் பதிவு செய்யும், புணேயிலுள்ள இந்திய ஸ்டட் புக் அமைப்பின் பாஸ்போர்ட்டும் மைக்ரோசிப்பும் இருக்கும். இரண்டின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கிளாண்டர்ஸ் சோதனைச் சான்றும் கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய். உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை.

இந்தத் தரகர் போனால் அடுத்தவர் ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குக் கூப்பிடுவார். அங்கே குதிரையின் உடம்பிலுள்ள மயிர்ச்சுழி பார்த்து விலை பேசுவார்கள். சுழி சுத்தமாக இருந்தால் உரிமையாளருக்குத் திருப்தி, காலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆட்டம் பழக்கிய குதிரை பார்க்க அழகு. லகானை இறுக்கினால் நின்ற இடத்தில் துள்ள வேண்டும் என்று பழகியது அது. உங்களுக்கு அதுவும் வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இப்போது கற்கும் பள்ளியிலேயே, பத்திலிருந்து பதினாறு வயதுக்குள் ஒரு பழைய குதிரையில் ஆறு மாதம், நாற்பது வகுப்பாவது ஏறியிருந்து, மூன்று நடையிலும் கை நடுங்காமல் இருந்து, பள்ளியே அதைப் பங்குக்குக் கொடுக்க முன்வந்தால் எடுத்துக்கொள்ளலாம். வாங்குவதில்லை, பங்கு. மாதம் இவ்வளவு, வாரம் மூன்று நாள் எனக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும். நொண்டினால் மருத்துவச் செலவு யாருக்கு, அந்த நாட்களுக்குக் கட்டணம் உண்டா, ஒரு மாதத்தில் வேண்டாம் என்றால் விலகலாமா என்பதும் அதே தாளில். குதிரை அதே லாயத்தில், அதே சைஸிடம் இருக்க வேண்டும். பண்ணை வீட்டுக்குத் தனியாகக் கொண்டுபோனால், கூட்டத்தோடு இருந்து பழகிய குதிரை துணையில்லாமல் மிரளும். நீங்கள் அறிந்த குதிரை ஒரு வாரத்தில் வேறு குதிரையாகிவிடும். நீங்களும் சேணமும் சேர்ந்த எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது: 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. இதில் ஒன்று குறைந்தாலும் விதிவிலக்கு இல்லை. "ஐந்து மாதம் ஆச்சே" என்றாலும் இல்லை.

காப்பீடு பற்றி உங்களை யாராவது பயமுறுத்தினால்: வழக்கமான மருத்துவக் காப்பீட்டில் விலக்கு, தொழில்முறையாகச் சாகச விளையாட்டில் ஈடுபடுபவருக்குத்தான், பொழுதுபோக்காகக் கற்பவருக்கல்ல. தனிநபர் விபத்துக் காப்பீட்டின் வாசகம் மாறுபடும், அதை மட்டும் படித்துப் பாருங்கள்.

முன்பணத்துக்கு இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "இந்தக் குதிரை எனக்கு வேண்டாம், 10,000 ரூபாயைத் திருப்பித் தரவும்." போனில் பேச வேண்டாம், பதிலும் எழுத்திலேயே வரட்டும், பணம் அனுப்பிய பதிவை அழிக்காதீர்கள். "நாளைக்கு வேறு பார்ட்டி வருது" என்பார். வரட்டும், அவரே வாங்கிக்கொள்ளட்டும். பணம் திரும்பாவிட்டால் உங்கள் நஷ்டம் 10,000 ரூபாயோடு முடிந்தது.