பிராக்கில் இரண்டு நாள்

அன்புள்ள ஐயா,

மே மாதம் மனைவி, பதின்மூன்று வயது மகளுடன் வியன்னா போகிறேன். அங்கிருந்து ரயிலில் பிராக் போய் சனி, ஞாயிறு இரண்டு நாள் தங்குகிறோம். கோட்டை, சார்லஸ் பாலம், வானியல் கடிகாரம், படகுச் சவாரி எல்லாவற்றையும் இரண்டு நாளில் முடிக்க முடியுமா? யூதர் பகுதியை விட்டுவிடலாம் என்கிறாள் மனைவி, மகளுக்கு மனம் கனத்துவிடுமாம். சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ர., கோவை

அன்புள்ள ர.,

சாப்பாடு கிடைக்கும், கவலை வேண்டாம். பாலத்துக்கு விடியற்காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. கடிகாரம் 1410-ல் செய்தது. மணிக்கு மணி எலும்புக்கூடு பொம்மை மணியடிக்கும், அப்போஸ்தலர் பொம்மைகள் சன்னலில் வந்து போகும். ஒருமுறை பார்த்தால் போதும். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த ஊர் அது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆனால் யூதர் பகுதியை விடுவது என்ற பேச்சு எனக்குக் கோபத்தைத் தருகிறது. போன வாரம்தான் என் பழைய பயணக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிராக் பக்கத்தில் ஒரே ஒரு வரி: ‘பிங்காஸ் சினகாக், இருபது நிமிடம்.’ எங்கள் வழிகாட்டி கொடுத்த நேரம் அவ்வளவுதான்.

யூதர் பகுதியில் இருக்கும் யூதர்களின் தொழுகைக்கூடம் அது. அந்தச் சினகாக்கின் உள்சுவர்களில் பெயர்கள் மட்டுமே. இன்றைய செக் நாட்டின் பொஹீமியா, மொராவியா பகுதிகளைச் சேர்ந்த, நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறக்குறைய 78,000 யூதர்களின் பெயர்கள். ஊர், குடும்பப் பெயர், அதன்பின் ஒவ்வொருவர் பெயரும் பிறந்த நாளும் என்று கையால் எழுதியவை, தரைக்குச் சற்று மேலிருந்து மேலே வரைக்கும். 1950-களில் முதல்முறை எழுதினார்கள். நீர்க்கசிவைக் காரணம் சொல்லி 1968-ல் கட்டடத்தை மூடினார்கள். எழுத்தெல்லாம் போயிற்று. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு, 1992 முதல் 1996 வரை, ஒவ்வொரு பெயரையும் மறுபடி எழுதினார்கள். யோசித்துப் பாருங்கள், இரண்டாம் முறை.

நான் ஒரு குடும்பத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். தாத்தா வயதில் ஒருவர், அப்புறம் மூன்று பேர், கடைசியில் 1939-ல் பிறந்த ஒரு குழந்தை. அதற்குள் வழிகாட்டி கைதட்டிக் கூப்பிட்டார். என் பாட்டிக்கு எட்டு வயதில் இறந்துபோன ஒரு மகள் உண்டு. புகைப்படம் கிடையாது. மாலையில் விளக்கேற்றும்போது பாட்டி அவள் பெயரைச் சொல்வாள். அந்தப் பெயர் இருந்த இடம் அது ஒன்றுதான். பாட்டி போனபின் சொல்ல ஆளில்லை. பேருந்தில் உட்கார்ந்த பிறகே அது நினைவுக்கு வந்தது. மறுநாள் ரயிலை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனேன்.

உங்கள் மகளுக்கு மனம் கனக்கும். கனக்கட்டுமே! பதின்மூன்று வயதுப் பிள்ளையை எலும்புக்கூடு பொம்மை பார்க்க மட்டும் அத்தனை தூரம் அழைத்துப் போவீர்களா? அவள் வயதுப் பிள்ளைகள் வரைந்த படங்கள் அதே கட்டடத்தின் மாடியில் இருக்கின்றன. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த டெரெசின் முகாமில் ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் அவர்களுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார். முகாமுக்குக் கொண்டுபோக அனுமதித்த மூட்டையில் அவர் நிறைத்துச் சென்றது ஓவியப் பொருள்களை. படத்தில் அவரவர் பெயரை எழுதச் சொல்வார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் அவரைக் கொன்றார்கள். பிள்ளைகளிலும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பெட்டிகளில் ஒளித்து வைத்த சுமார் 4,500 படங்கள் பிழைத்தன. பட்டாம்பூச்சி, வீடு, சாப்பாட்டு மேசை எல்லாம் வரைந்திருக்கிறார்கள்.

மகளிடம் எதையும் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள், பாவம். பெயரையும் வயதையும் அவளே வாசித்துக்கொள்வாள். அம்மா பக்கத்தில் நின்றால் போதும்.

ஒன்று முக்கியம். சனிக்கிழமை அங்கே மூடியிருக்கும். ஞாயிறு காலை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், மதியம் வரை வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். படகுச் சவாரியை விட்டுவிடலாம்.