லேப்டாப் வைஃபை இழுக்கிறதா? கேள்வி பதில்

இன்று லேப்டாப் வைஃபை மட்டும். கேட்கும்போது லேப்டாப் மாடல், விண்டோஸா லினக்ஸா, ரூட்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். "நெட் ஸ்லோ" என்று இரண்டு வார்த்தையில் கேட்டால் பதிலும் அந்த அளவில்தான் வரும். டிவி, சிசிடிவி கேள்விகளை வேறொரு நாள் பார்ப்போம்.

மடிப்பாக்கம்: சார், 200 எம்பிபிஎஸ் ஃபைபர். போனில் 180 வருகிறது. அதே இடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் பார்த்தால் 35க்கு மேல் ஏறவில்லை. 2018 மாடல், விண்டோஸ் 10, ரூட்டர் அதே அறையில்.

போனில் 180 வருகிறதே, அப்புறம் ஃபைபர்காரரைக் கூப்பிட்டு என்ன பயன்? கோளாறு லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையில். ஸ்பீட் டெஸ்டை மூடிவிட்டு லிங்க் ஸ்பீடை, அதாவது லேப்டாப்பும் ரூட்டரும் தமக்குள் பேசும் வேகத்தை, பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டில் "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்" என்று நான்கு சொல்லையும் இடம்விட்டு அடித்தால் ரேடியோ டைப், சேனல், ரிசீவ் ரேட், சிக்னல் எல்லாம் வரும்.

ரிசீவ் ரேட் 72 என்று காட்டினால் உங்கள் லேப்டாப்பின் வைஃபை கார்டு ஒற்றை ஆன்டெனா கார்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் (அலைவரிசையில்) நிற்கிறது. இரட்டை ஆன்டெனா என்றால் அதே பேண்டில் 144. 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 802.11ஏசி (வைஃபை 5) வகைக் கார்டு ஒற்றை ஆன்டெனாவுக்கு 433, இரட்டைக்கு 866. கையில் கிடைப்பது இதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் "வந்து சேர்ந்தது" என்ற பதிலும் அதே காற்றில்தான் திரும்பி வர வேண்டும். உங்கள் 35, அந்த 72க்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இப்போது சேனல் வரியைப் பாருங்கள், 1 முதல் 13 வரை என்றால் 2.4இல் இருக்கிறது. கார்டுக்கு எது தெரியும் என்பதை "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்" சொல்லும். கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியும், ஆனால் 2.4இல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு என்று போய் "பிரிஃபர்டு பேண்ட்" என்பதை 5 கிகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். கார்டே 2.4 மட்டும் தெரிந்தது என்றால் எந்த செட்டிங்கும் உதவாது. கார்டை மாற்றலாம், அல்லது இரட்டை பேண்ட் யுஎஸ்பி அடாப்டர் வாங்கலாம்.

ரேட் 54க்கு மேல் போகவே இல்லை என்றால் கதை வேறு. ரூட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூஇபி அல்லது டிகேஐபியில் இருக்கும். 802.11என் (வைஃபை 4) வகை வேகங்களை அந்தப் பழைய பூட்டுகளோடு சேர்த்துத் தரக்கூடாது என்பது விதி. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றினால் வேகம் உடனே ஏறும்.

திருச்சி: ஸ்பீட் டெஸ்டில் 90 வருகிறது. ஆனால் ஆபீஸ் மீட்டிங்கில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குரல் உடைகிறது. லேப்டாப் புதுசு, விண்டோஸ் 11.

ஸ்பீட் டெஸ்ட் சராசரியைச் சொல்லும், இடையில் விழும் ஓட்டையைச் சொல்லாது. இரண்டு கமாண்ட் விண்டோ திறந்து, ஒன்றில் பிங் 192.168.1.1 (ரூட்டர்), மற்றதில் பிங் 8.8.8.8 (வெளியே கூகுள் சர்வர்), இரண்டின் கடைசியிலும் "-டி" சேர்த்து ஓட விடுங்கள். ரூட்டர் முகவரி வேறாக இருந்தால் "ஐபிகான்ஃபிக்" அடித்து டீஃபால்ட் கேட்வே வரியில் இருப்பதைப் போடுங்கள். மீட்டிங் நடக்கும்போதே பாருங்கள்.

ரூட்டருக்கான பிங், அதாவது கேட்டுப் பதில் வர ஆகும் நேரம், வீட்டுக்குள் 1 முதல் 5 மில்லிசெகண்டில் இருக்க வேண்டும். எப்போதாவது 20 போனால் விட்டுவிடலாம். அதுவே 300, 500 என்று குதித்தாலோ "டைம்டு அவுட்" வந்தாலோ காற்றில் கோளாறு. முதல் விண்டோ அமைதியாக இருந்து இரண்டாவது மட்டும் குதித்தால் ரூட்டருக்கு வெளியே கோளாறு. வைஃபையைத் தொடாதீர்கள், கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் பேசுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்று: ஒன்டிரைவ், கூகுள் போட்டோஸ் எதுவும் பின்னால் அப்லோட் செய்கிறதா? அப்லோட் பாதை நிரம்பினால் ரூட்டரில் வரிசை நீளும், குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். அதை நிறுத்திவிட்டு மீண்டும் பாருங்கள்.

காற்றில்தான் கோளாறு என்று தெரிந்தால், டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் "மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுங்கள். பல புது லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது; அங்கே பவர் மோடைக் கூடுதல் செயல்திறன் பக்கம் தள்ளுங்கள். சார்ஜர் போட்டால் சரியாகி, கழற்றினால் உடைகிறது என்றால் காரணம் இதுவேதான்.

கோவை, ஹாஸ்டல்: அண்ணா, ராத்திரி 9 மணிக்கு மேல் நகரவே மாட்டேங்குது. காலையில் சூப்பரா இருக்கு.

தம்பி, அது நெரிசல். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். ஒரு மாடியில் இருபது ரூட்டர், நூறு போன் என்றால் மூன்று பாதையில் எல்லோரும். அதில் யாராவது அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால் மூன்றில் இரண்டை அவரே அடைத்துவிடுவார். உன் கையில் இருப்பது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது, அல்லது அறையில் லேன் பாயின்ட் இருந்தால் வயர் போடுவது. மற்றது வார்டன் கையில்.

வேலூர்: நெட் ஸ்லோ. என்ன செய்ய?

மேலே மடிப்பாக்கத்துக்கு எழுதியதைப் படியுங்கள்.

மதுரை: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் செருகினால் வைஃபை படுத்துவிடுகிறது, வயர்லெஸ் மவுஸும் திக்குகிறது. டிஸ்கை எடுத்தால் சரி. வைரஸா?

வைரஸ் இல்லை, இன்று வந்ததில் நல்ல கேள்வி இதுதான். யுஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது எழும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் பரவும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து வெளியிட்டது. இரைச்சல் போர்ட்டிலிருந்தும், கேபிளிலிருந்தும், டிஸ்கின் பெட்டியிலிருந்தும் கசியும். வைஃபையும் மவுஸின் ரிசீவரும் அதே 2.4இல் கேட்டுக்கொண்டிருப்பதால் இரண்டும் சேர்ந்து படுக்கின்றன.

வைஃபையை 5க்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். மவுஸ் ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்க யுஎஸ்பி 2.0 போர்ட்டில் போடுங்கள். இல்லையென்றால் ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். டிஸ்கை ஸ்கிரீனை விட்டு விலக்கி வையுங்கள், பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா ஸ்கிரீனைச் சுற்றித்தான் ஓடுகிறது. டிஸ்கோடு வந்த கேபிள் தொலைந்து மலிவானதை வாங்கியிருந்தால், மேலுறைக் கவசம் சரியாக இருக்கும் கேபிளாக மாற்றுங்கள்.

திருநெல்வேலி: மாடி வீடு. கீழே ஹாலில் ரூட்டர், மேலே படிப்பறையில் லேப்டாப். சிக்னல் ஒரு கோடு. ரிப்பீட்டர் வாங்கலாமா?

வேண்டாம். கான்கிரீட் தளத்தை 5 கிகாஹெர்ட்ஸ் கடக்கச் சிரமப்படும். ரிப்பீட்டர் அதே காற்றில் ஒருமுறை வாங்கி ஒருமுறை கொடுப்பதால், ஒரே ரேடியோ உள்ளதில் வேகம் பாதியாகும். வயர் இழுங்கள்.

சேலம்: இது தவறான ஆலோசனை. எங்கள் வீட்டில் ரிப்பீட்டர் போட்டதிலிருந்து மாடியில் ஃபுல் சிக்னல். எதற்கு வயர்?

ஃபுல் சிக்னல் என்று காட்டுவது லேப்டாப்புக்கும் ரிப்பீட்டருக்கும் இடையில் இருப்பதை. ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் இடையில் எப்படி என்பதை அந்தக் கோடுகள் சொல்லாது. மாடியிலிருந்து ரூட்டருக்குப் பிங் போட்டு எண்ணை எழுதுங்கள்.

சேலம்: 8, 12, 95, 140, 9, 210. ஆனால் யூடியூப் நன்றாக ஓடுகிறது.

யூடியூப் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், 210 அதற்கு ஒன்றுமில்லை. மீட்டிங்குக்கு அது குரல் உடைசல். உங்கள் ரிப்பீட்டர் சிக்னல் செத்த இடத்தில் இருக்கிறது. ரூட்டர் சிக்னல் 70 சதவீதத்துக்குக் குறையாத இடத்துக்கு, அதாவது படிக்கட்டுத் திருப்பத்துக்கு, இறக்குங்கள். விண்டோஸ் காட்டும் சதவீதத்தைப் பாதியாக்கி 100ஐக் கழித்தால் டெசிபல் கணக்கு ஏறக்குறைய வரும்: 70 என்றால் மைனஸ் 65. மைனஸ் 67க்குக் கீழே போனால் பேச்சும் வீடியோவும் தடுமாறத் தொடங்கும்.

அம்பத்தூர்: வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள். மெஷ் வாங்கினால் போதாதா? இரண்டிலும் ஒரே பெயர், தானாக மாறிக்கொள்ளும்.

மெஷ் என்பது ஒரே பெயரில் சேர்ந்து இயங்கும் பல வைஃபை யூனிட்டுகள். இரண்டு யூனிட்டுக்கும் நடுவில் வயர் இல்லாத மெஷ், கொஞ்சம் படித்த ரிப்பீட்டர். தமக்குள் பேசத் தனி ரேடியோ வைத்திருக்கும் மூன்று பேண்ட் மாடல் பரவாயில்லை, விலையும் அப்படி. "தானாக மாறும்" என்பதில் ஒரு திருத்தம்: எந்த யூனிட்டில் ஒட்டுவது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது லேப்டாப். மெஷ் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். மாடிக்குப் போன பிறகும் கீழ் யூனிட்டையே பிடித்துத் தொங்கினால், இன்டெல் கார்டில் அட்வான்ஸ்டு பக்கத்தில் "ரோமிங் அக்ரெசிவ்னெஸ்" என்பதை மீடியத்திலிருந்து ஒரு படி ஏற்றுங்கள். உச்சத்தில் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும்.

துளைக்க முடியாதவர்களுக்கு: தட்டை லேன் கேபிள் கதவிடுக்கில் போகும். மாடிக்கு ஜன்னல் வழியாக வெளிச்சுவரில் இழுக்கலாம், அதற்கு வெயில் தாங்கும் மேலுறை உள்ள கேட்6 கேளுங்கள். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியது மலிவு, வளைத்தால் உள்ளே ஒடியும். எட்டு இழையும் இணைந்திருக்க வேண்டும், நான்கை மட்டும் அடித்துவிட்டுப் போனால் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 100 மீட்டர் வரை ஓடும்.

மேலே பழைய ரூட்டரே போதும். அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணையுங்கள், முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள், கீழிருந்து வரும் கேபிளை வான் (இன்டர்நெட்) போர்ட்டில் இல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றும் கீழே உள்ளதைப் போலவே. சேனல் மட்டும் வேறு. டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு ரூட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும், வீடே தடுமாறும்.

சேலம்: படிக்கட்டுக்கு இறக்கினேன். 6, 7, 14, 9. ஆனாலும் வயர் அநியாயம்.

வேகம் இன்னமும் பாதிதான். உங்களுக்கு அது போதும் என்றால் எனக்கு மறுப்பில்லை.

ஓசூர்: டிரைவர் அப்டேட் செய்ய ஒரு இலவச சாஃப்ட்வேர் 14 டிரைவர் பழசு என்கிறது. செய்யலாமா?

கூடாது. லேப்டாப் கம்பெனி தளத்தில் மாடல் எண் போட்டு எடுங்கள், அல்லது இன்டெல் கார்டென்றால் இன்டெல் தளத்தில். வைஃபை 6 ரூட்டர் வாங்கியதும் பழைய இன்டெல் கார்டு அதன் பெயரையே காட்டவில்லை என்றால் மட்டும் டிரைவர் அப்டேட் முதல் மருந்து. 7265, 3165 போன்ற கார்டுகளின் பழைய டிரைவருக்கு வைஃபை 6 ரூட்டர் தன்னைப் பற்றி அனுப்பும் அறிவிப்பைப் படிக்கத் தெரியாது.

கும்பகோணம்: கடையில் ஸ்கிரீன் மாற்றினேன். அதிலிருந்து ரூட்டர் பக்கத்தில் போனால்தான் வைஃபை.

ஆன்டெனா கேபிள். அருகில் நிறைந்து, நான்கைந்து மீட்டரில் 30 சதவீதமாக விழுந்தால் சந்தேகமே வேண்டாம். கார்டின் மேல் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு மெல்லிய கேபிள் இருக்கும். ஒன்று கழன்றிருக்கும் அல்லது கீல் இடுக்கில் நசுங்கியிருக்கும். கடைக்காரரிடமே திரும்பப் போங்கள். நீங்களே திறந்தால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். அந்த வட்டக் கனெக்டர் அரிசிமணியை விடச் சிறிது. நேர்மேலே வைத்து விரல் நகத்தால் அழுத்தினால் "டிக்" என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் கார்டு பக்கத்துக் கனெக்டர் பெயர்ந்துவிடும்.

தஞ்சாவூர்: வைஃபை ஐகானே காணோம். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 10.

ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள். வெறும் ஷட் டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். வரவில்லை என்றால் டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட். கம்பெனி தளத்திலிருந்து டிரைவரைப் போனில் இறக்கித் தயாராக வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

புதுச்சேரி: உபுண்டு. சில நிமிடம் சும்மா இருந்தால் இணைப்பு தூங்குகிறது.

நெட்வொர்க் மேனேஜர் கான்ஃபிக் ஃபோல்டரில் வைஃபை பவர்சேவ் என்ற கோப்பு இருக்கும். அதில் 3 என்பதை 2 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 2 என்றால் அணைப்பு.

ஈரோடு: சார் நெட் ஸ்லோ, டிரைவர் அப்டேட்டர் போட்டும் சரியாகவில்லை.

முதலில் அந்த அப்டேட்டரை நீக்குங்கள். அப்புறம் பிங் எண்களோடு வாருங்கள்.

தாம்பரம்: வைஃபை கார்டு மாற்ற முடிவு செய்துவிட்டேன். லேப்டாப் ஏஎம்டி ரைசன். கடையில் இன்டெல் ஏஎக்ஸ்201 மலிவாகத் தருகிறார்கள்.

வாங்காதீர்கள். ஏஎக்ஸ்201, 211 இரண்டும் பாதிக் கார்டு; மீதிப் பாதி இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. ரைசனில் வேலை செய்யாது, செருகினால் உட்காரும் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 கேளுங்கள், இவை தனித்து ஓடும். வாங்குமுன் அடிமூடியைத் திறந்து பழைய கார்டு 22க்கு 30 மில்லிமீட்டர் எம்.2 வகையா என்றும், மதர்போர்டில் கார்டு நேரடியாகச் சால்டர் செய்யப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சால்டர் செய்திருந்தால் யுஎஸ்பி அடாப்டர்தான் வழி.