பியானோ டிப்ளமா தேர்வு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடைசி கிரேடான 8 முடித்துவிட்டேன். அடுத்து லண்டன் டிரினிட்டி கல்லூரியின் முதல்நிலை டிப்ளமாவான ஏ.டி.சி.எல். பீத்தோவனின் ‘பத்தெட்டிக்’ சொனாட்டாவை முழுதாக எடுத்திருக்கிறேன். கூட எத்தனை உருப்படிகள் வேண்டும்?
(வாசகி, தாம்பரம்)

பதில்: உருப்படிகளை எண்ணாதீர்கள், நிமிடங்களை எண்ணுங்கள். ஏ.டி.சி.எல்.லில் 32 முதல் 38 நிமிடம் வாசிக்க வேண்டும். பத்தெட்டிக் மூன்று பகுதிகளும் சேர்ந்து 17 முதல் 19 நிமிடம் ஓடும். இந்த வித்தியாசம் பெரும்பாலும் முதல் பகுதியின் மறுவாசிப்பால் வருவது. மறுவாசிப்பை வேகமான ‘அல்லெக்ரோ’விலிருந்து தொடங்குவதா, அதற்கு முன் வரும் மிக மெதுவான ‘கிராவே’ முன்னுரையிலிருந்தே தொடங்குவதா என்பதில் பியானோ கலைஞர்களிடமே இரண்டு கட்சி உண்டு. ஏதாவது ஒன்றை இப்போதே முடிவுசெய்யுங்கள், அதன் பிறகுதான் மீதி 15 முதல் 19 நிமிடத்துக்குத் திட்டம் போட முடியும். வேறு காலத்து இசையைச் சேருங்கள்: ஒரு பாக் பிரெலூட்–ஃபியூக், அப்புறம் ஒரு ஷோபான் அல்லது டெபுஸி. டிரினிட்டியின் பட்டியலில் இல்லாத உருப்படி என்றால் முன்அனுமதி வாங்க வேண்டும். வீட்டில் நேரம் பார்க்கும்போது உருப்படிகளுக்கு நடுவே மூச்சுவிடும் இடைவெளியையும் சேர்த்தே பாருங்கள்.

கேள்வி: அதே சொனாட்டாவின் அல்லெக்ரோவில், இடது கை எண்மங்களை (ஆக்டேவ்) மாற்றி மாற்றி அடிக்கும் இடத்தில் முன்கை கல்லாகிவிடுகிறது. இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: காரணம் பெரும்பாலும் சத்தம்தான். அந்த இடம் மெல்லிய ஒலியில், அதாவது ‘பியானோ’ என்று குறித்த அளவில்தான் தொடங்குகிறது. ஆனால் வலது கை மேலே ஏற ஏற, இடது கையும் கூடவே அழுத்தத் தொடங்கிவிடுகிறது. மணிக்கட்டு இறுகுவது அங்கேதான்.

முதலில் கட்டைவிரலை ஒலிக்கவிடாமல் கட்டை மேல் வைத்துக்கொண்டு, சுண்டுவிரல் ஸ்வரத்தை மட்டும் வாசியுங்கள். பிறகு கட்டைவிரலைச் சேருங்கள், ஆனால் பாதிச் சத்தத்தில். விரலைத் தூக்கி அடிக்கக் கூடாது. கதவுக் குமிழைத் திருப்புவதுபோல முன்கை இரு பக்கமும் லேசாகச் சுழல வேண்டும். முழங்கை கட்டையின் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் இந்தச் சுழற்சி வராது, நாற்காலியை உயர்த்துங்கள்.

தாளக் கருவியான மெட்ரோனோமை அரை ஸ்வரத்துக்கு (ஹாஃப் நோட்) நிமிடத்துக்கு 80 என்று வையுங்கள். நான்கு ஸ்வரம் வாசித்து நிறுத்தி, கையைத் தளர்த்துங்கள். பிறகு எட்டு, பதினாறு. பதினாறும் தளர்வாக வந்தால் மட்டும் வேகத்தை 4 கூட்டுங்கள். வலி தெரிந்தால் அன்றைக்கு அந்த இடம் வேண்டாம். வலியோடு பழகினால் இறுக்கமும் சேர்ந்து பழகிவிடும்.

கேள்வி: மனப்பாடமாக வாசித்தால் மதிப்பெண் கூடுமா?
(வாசகர், கோவை)

பதில்: கட்டாயமில்லை. மனப்பாடம்தான் என்று முடிவெடுத்தால், பத்தெட்டிக்கின் மூன்றாம் பகுதியில் கவனம். அது ரோண்டோ, அதாவது முதன்மை மெட்டு திரும்பத் திரும்ப வரும் வடிவம். அந்த மெட்டு நான்கு முறை வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் போய்ச் சேரும் இடம் வேறு. தடம் மாறி, ஏற்கெனவே வாசித்த பகுதிக்கே திரும்பிவிடுவோர் ஏராளம். அந்த நான்கு முடிவுகளை மட்டும் அடுத்தடுத்து வாசித்துப் பழகுங்கள்.

கேள்வி: வீட்டில் டிஜிட்டல் பியானோதான் இருக்கிறது. போதுமா?
(வாசகி, திருச்சி)

பதில்: விரல் பழக்கத்துக்குப் போதும், ஒலிக்குப் போதாது. நிஜப் பியானோவில் கட்டையை மிக மெதுவாக அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும். பத்தெட்டிக்கின் மெதுவான இரண்டாம் பகுதியான அடாஜியோவின் நடுக்குரல் ஸ்வரங்கள் அப்படித்தான் காணாமல் போகின்றன. பெடலைப் பாதி அழுத்தும் நுணுக்கமும் பல டிஜிட்டல் கருவிகளில் சரியாக வராது. கடைசி ஒரு மாதமாவது வாரம் இருமுறை நல்ல பியானோ ஒன்றில் முழு நிகழ்ச்சியையும் நிறுத்தாமல் வாசியுங்கள். முடிந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பியானோக்களில்: கடலோர ஊர்களில் ஈரப்பதத்தால் உள்ளேயிருக்கும் கம்பளித் துணி உப்பி, கட்டைகள் மந்தமாக எழும்புவது உண்டு. தேர்வு அறையில் நாற்காலியின் உயரத்தையும் பெடலையும் பார்த்த பிறகே முதல் ஸ்வரம்.

கேள்வி: வாசிக்கும் உருப்படிகளைப் பற்றித் தேர்வாளருக்குத் தரும் நிகழ்ச்சிக் குறிப்பில் என்ன எழுதுவது?
(வாசகர், மதுரை)

பதில்: ஏ.டி.சி.எல்.லுக்கு 400 முதல் 700 சொற்கள். நிகழ்ச்சி அமைப்பு, குறிப்பு, மேடை நடத்தை மூன்றுக்கும் சேர்த்து நூற்றுக்கு 10 மதிப்பெண்தான். ஆனால் தேர்ச்சிக்கு 60 வேண்டும் என்னும்போது அது சின்னத் தொகை இல்லை. பீத்தோவனின் வாழ்க்கை வரலாற்றால் பக்கத்தை நிரப்பாதீர்கள். பத்தெட்டிக் 1799இல் வெளியானது, இளவரசர் லிக்னோவ்ஸ்கிக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்று ஒரு வரி போதும். கிராவே முதல் பகுதியின் நடுவிலும் முடிவுக்குச் சற்று முன்பும் திரும்பி வருவதைச் சொல்லுங்கள். அங்கே நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று தேர்வாளர் காது கொடுப்பார்.