மூச்சு வாங்குகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்? கேள்வி பதில்

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பிஎஃப், இழப்பீடு என்று சங்கத்து ஆட்களின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தே தலை நரைத்தவன் நான். அவற்றில் என்னை அதிகம் அலையவிட்டவை நுரையீரல் கேஸ்கள்தான். தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து, மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பல்லடத்திலிருந்து ஒரு தம்பி: அப்பாவுக்கு 54 வயது, சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட்டு அடைத்துப்போகும் நோய்). வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பித்தோம், நிராகரித்துவிட்டார்கள். எத்தனை சதவீதம் இருந்தால் கிடைக்கும் அண்ணா?

சதவீதம் இங்கே பிரச்சினையே இல்லை தம்பி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. பார்க்கின்சன் உண்டு, தலசீமியா உண்டு, ஹீமோஃபிலியா உண்டு. நுரையீரல் நோய் கிடையாது. 40 சதவீதம் என்ற கணக்கெல்லாம் அந்தப் பட்டியலுக்குள் வந்த பிறகுதான். பாத்ரூம் போய் வருவதற்குள் இரண்டு தடவை உட்காருகிற மனிதரைச் சட்டம் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை என்பது என்னைப் பொறுத்தவரை அநியாயம். புதிய வகையைச் சேர்க்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் சேர்க்கும்வரை காத்திருந்தால் அப்பாவுக்கு ஆகாது. "சதவீதம் போட்டு வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அப்பா என்ன வேலை பார்த்தார்?

அதே தம்பி: ஸ்பின்னிங் மில், 26 வருடம். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற புளோ ரூமிலும் கார்டிங்கிலும். இஎஸ்ஐ உண்டு. இப்போது சம்பளமில்லா லீவில் இருக்கிறார்.

இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். மாற்றுத்திறனாளிச் சட்டம் அல்ல, தொழிலாளர் காப்பீடு, இழப்பீடு பற்றிய சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தொழில்நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. கல் தூசியால் வரும் சிலிகோசிஸ், கல்நார் தூசியால் வரும் அஸ்பெஸ்டோசிஸ், கரும்புச் சக்கையால் வரும் பகசோசிஸ் எல்லாம் அங்கேதான். தொழில்நோய் என்று நிரூபித்துவிட்டால் வேலையில் அடிபட்டவருக்கு உள்ள உரிமை இவருக்கும் உண்டு.

சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று இஎஸ்ஐ மெடிக்கல் போர்டு சதவீதம் போடும். உதாரணத்துக்கு, சராசரி நாள் கூலி 600 என்றால் அதில் 90 சதவீதம், அதாவது 540 ரூபாய்தான் முழு விகிதம். திறனில் 30 சதவீதம் போயிற்று என்றால் நாளுக்கு 162, மாதம் 4,860 ரூபாய். நிரந்தரம் என்று முடிவானால் ஆயுள் முழுக்க வரும்.

அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். வேலைக்குப் போன காலத்தில் எந்தக் கிழமை மூச்சு அதிகம் அடைத்தது?

திருப்பூர்: 'வீசிங்' என்று டாக்டர் எழுதிய சீட்டு ஒரு பை நிறைய இருக்கிறது. போதாதா?

போதாது. போர்டு பார்ப்பது எண்களை. ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை எடுங்கள். மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை நிறைய இழுத்து, காற்று தீரும்வரை ஊதச் சொல்வார்கள். குறைந்தது மூன்று தடவை சரியாக ஊத வேண்டும். பாதியில் இருமினால் அந்த ஊதல் கணக்கில்லை, அதனால் அவசரப்படாமல் ஊதுங்கள். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பதுதான் அதில் முக்கியமான எண். சளி, காய்ச்சல் இருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டை "இது தற்காலிகம்" என்று தள்ளிவிடுவார்கள்.

அப்புறம், கேஸ் ஷீட்டில் தொழில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒருவருக்கு 'கூலி' என்று மட்டும் போட்டிருந்தார்கள். எந்த வேலை, எத்தனை வருடம், என்ன தூசி என்பதைச் சேர்த்து எழுதி வாங்க எட்டு மாதம் ஆனது.

பீளமேடு: அண்ணன் பீடி குடித்தவர். அதை மறைத்துவிடலாமா?

வேண்டாம். ஏதாவது ஒரு பழைய சீட்டில் எழுதியிருக்கும், பிடிபட்டால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். பீடியால் சிலிகோசிஸ் வராது, அதற்கு எக்ஸ்ரேயில் தெரியும் அடையாளம் வேறு. பஞ்சுத் தூசி கேஸில்தான் பீடி கொஞ்சம் சிக்கல் செய்யும்.

கோவை ஃபவுண்டரித் தொழிலாளி: வயது 47. ஐஎல்டி (நுரையீரல் திசு தடித்து இறுகும் நோய்) என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு விண்ணப்பிக்கலாமா?

விடாதீர்கள் ஐயா! ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தவர்கள்தான் அதிகம். வேலையில் இருந்தால் இஎஸ்ஐயில் சாதாரண நோய்க்கால உதவி சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள். நீண்டகால நோய் என்றால் 80 சதவீதம், மொத்தம் 730 நாள்வரை போகலாம். ஐஎல்டியும் பிராங்கியெக்டேசிஸும் (மூச்சுக்குழாய் விரிந்து கெட்டுப்போகும் நோய்) அந்த நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. சிஓபிடி மட்டும் இருந்தால் போதாது, அதனால் இதயமும் செயலிழந்திருக்க வேண்டும். இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, கடைசி நான்கு சந்தா காலங்களில் (ஒரு காலம் ஆறு மாதம்) 156 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். நீங்கள் மோல்டிங் மணலில் (வார்ப்பு அச்சு செய்யும் மணல்) வேலை செய்தவர் என்றால், இது சிலிகோசிஸாக இருக்குமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

கரூர்: கல் கிரஷர் வேலை. இஎஸ்ஐ இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. எங்களுக்கு?

கடினமான கேஸ், ஆனால் வழி இருக்கிறது. இஎஸ்ஐ இல்லாத இடத்தில் முதலாளிதான் இழப்பீடு தர வேண்டும், தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட வேண்டும். 50 வயதில் முழுத் திறனும் போய்விட்டது, மாதச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 சதவீதம் 9,000. அந்த வயதுக்கான காரணி 153.09. பெருக்கினால் 13,77,810 ரூபாய். அங்கேதான் வேலை பார்த்தீர்கள் என்று காட்டுவதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. ஆயுத பூஜை போட்டோ, ஜிபே வரவு, கூட வேலை பார்த்தவரின் சாட்சி எதையும் தூக்கிப் போடாதீர்கள். குஜராத்தின் குவார்ட்ஸ் ஆலைகளில் வேலை செய்து சிலிகோசிஸால் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் தர உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. ராஜஸ்தான் 2019இல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம்.

ஈரோடு: பிஎஃப் பென்ஷன் கிடைக்குமா? பத்து வருடம் ஆகவில்லை.

பணியில் இருக்கும்போதே நிரந்தரமாக, முழுமையாக முடியாமல் போனால் பத்து வருடம் தேவையில்லை, ஒரு மாதச் சந்தா போதும். படிவம் 10டி. அங்கேயும் மருத்துவ வாரியம் உண்டு.

தாராபுரம்: அம்மாவுக்கு விறகடுப்புப் புகையால் சிஓபிடி. வேலைக்கே போனதில்லை.

நோயைக் காட்டி வாங்க வழியில்லை அக்கா. ஆதரவற்றவர், 60 வயது ஆகிவிட்டது என்றால் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200. ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. எனக்கே போதாத பதிலாகத்தான் படுகிறது.

மறுபடியும் பல்லடம் தம்பி: கேட்டேன் அண்ணா. திங்கட்கிழமைதான் என்றார். ஞாயிறு லீவு முடிந்து போனதுமே நெஞ்சைப் பிடிக்குமாம், வாரக் கடைசியில் குறையுமாம்.

பிசினோசிஸ் முதலில் அப்படித்தான் தொடங்கும். இதை டாக்டரிடம் அப்பாவே சொல்லட்டும், நீங்கள் குறுக்கே பேச வேண்டாம். சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதினாரா என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.