மான் வேட்டைக்கு எந்த அம்பு முனை? முதலில் உங்கள் வில்லைப் பாருங்கள்

கேள்வி: "இந்த ஆண்டுதான் முதல் முறையாக வில் வேட்டைக்குப் போகிறேன். உரிமம் எடுத்துவிட்டேன். ஒய்ட்டெயில் மான்தான் குறி. என்னுடையது 55 பவுண்டு இழுவை உள்ள காம்பவுண்ட் வில் (கப்பிகள் வைத்த வில்), இழுவை நீளம் 27 அங்குலம். 100 கிரெயின் முனையோடு சேர்த்து அம்பு மொத்தம் 410 கிரெயின் (ஒரு கிராம் என்பது சுமார் 15 கிரெயின்). வேகமானியில் வினாடிக்கு 240 அடி காட்டியது. கடைக்காரர் 2 அங்குலம் விரியும் மெக்கானிக்கல் பிராட்ஹெட் (பட்டதும் பிளேடுகள் விரியும் வேட்டை முனை) வாங்கச் சொல்கிறார். நண்பர் ஒருபக்கச் சாணை உள்ள இரண்டு பிளேடு முனைதான் சரி என்கிறார். அடுத்த ஆண்டு எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்கும் போக ஆசை. எதை வாங்குவது?"

பதில்: எண்களோடு கேள்வி கேட்டதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் முனையின் படத்தை அனுப்பி "இது நல்லதா?" என்று மட்டும் கேட்பார்கள். எந்த வில்லிலிருந்து, எந்த அம்பில் போகப் போகிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அம்பு துப்பாக்கிக் குண்டைப் போல அதிர்ச்சியால் கொல்வதில்லை. வெட்டிக் கொல்கிறது. இரண்டு நுரையீரல்களையும், அங்கே உள்ள பெரிய ரத்தக் குழாய்களையும் அறுத்தால் மான் சில நொடிகளில் விழும், அதிகம் வலி படாமல் போகும். அதனால் நான் முனையில் முதலில் பார்ப்பது, அது இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருமா என்பதுதான். இரண்டு ஓட்டை இருந்தால் ரத்தத் தடம் கிடைக்கும். மரத்தின் மேல் கட்டிய மேடையில் இருந்து எய்யும்போது நுழையும் ஓட்டை உடம்பின் மேல் பகுதியில் இருக்கும். வெளியேறும் ஓட்டை கீழே இல்லாவிட்டால் ரத்தமெல்லாம் உள்ளேயே தேங்கிவிடும். மான் செத்துக் கிடக்கும், உங்களுக்குத் தடம் கிடைக்காது. அந்த இரவுத் தேடல் யாருக்கும் வர வேண்டாம்.

இனி உங்கள் கணக்கு. அம்பின் கிரெயின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240-ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். உங்களுக்கு 52-க்குச் சற்று மேலே வருகிறது. நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ள ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை மானுக்கு 25 முதல் 41 வரையும், எல்க், கரடி, காட்டுப்பன்றிக்கு 42 முதல் 65 வரையும் சொல்கிறது. மானுக்கு உங்களிடம் தாராளமாகவே இருக்கிறது. எல்க்குக்கும் போதும், ஆனால் அங்கே வீணடிக்க மிச்சம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்காரர் சொன்னதைப் பார்ப்போம்.

2 அங்குல மெக்கானிக்கல் கெட்ட பொருள் இல்லை. பறக்கும்போது பிளேடுகள் மடங்கி இருப்பதால், பிளேடு இல்லாத பயிற்சி முனையைப் போலவே பறக்கும். குறி சற்றுப் பின்னால் போய்விட்டாலும் அகலமான வெட்டு கை கொடுக்கும். 70 பவுண்டு இழுவையும் நீளமான கையும் உள்ளவர் கேட்டிருந்தால் நானும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிளேடுகளை விரிப்பதற்கே ஆற்றல் செலவாகிறது, விரிந்த பிறகு அவ்வளவு அகலத்தையும் தசைக்குள் தள்ள இன்னும் செலவாகிறது. நடுத்தர வில்லில் இது விலா எலும்பில் பட்டால் பாதியில் நின்றுவிடக்கூடும். மான் சாய்வாக நிற்கும்போது ஒரு பிளேடு மட்டும் முதலில் தொட்டு, அம்பு திசை மாறவும் வாய்ப்புண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. பெட்டியில் போட்டிருக்கும் அகலம் முழு வெட்டு நீளம் அல்ல. 2 அங்குல இரண்டு பிளேடு முனை வெட்டுவது மொத்தம் 2 அங்குலம். 1⅛ அங்குல மூன்று பிளேடு முனையில் ஒவ்வொரு பிளேடும் மையத்திலிருந்து 9/16 அங்குலம் நீள்கிறது. மூன்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட 1.7 அங்குலம். அதாவது "சின்னது" என்று ஒதுக்கப்படும் முனை வெட்டும் அளவில் அவ்வளவு பின்தங்கவில்லை. அதோடு மூன்று பக்கமாகத் திறக்கும் ஓட்டை கோடு போன்ற வெட்டைப் போல எளிதில் மூடிக்கொள்ளாது.

சரி, நண்பர் சொன்ன ஒருபக்கச் சாணை? அவர் சொல்வதன் பின்னால் உண்மையான வேலை இருக்கிறது. எட் ஆஷ்பி என்பவர் ஆப்பிரிக்காவின் பெரிய விலங்குகளில் அம்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று பல ஆண்டுகள் சோதித்தார். ஒருபக்கம் மட்டும் சாணை பிடித்த முனை உள்ளே போகும்போது சுழலும், அந்தச் சுழற்சி எலும்பைப் பிளக்க உதவும். ஆனால் அவர் கொடுத்த வரிசையில் முதலிடம் முனையும் அம்பும் உடையாமல் இருப்பதற்கு, இரண்டாவது இடம் அம்பு நேராகப் பறப்பதற்கு. சாணையின் வகை பட்டியலில் மிகவும் கீழே வருகிறது. கனத்த எலும்பை உடைக்க அவர் சொன்ன எடையும் 650 கிரெயின் அளவில் இருக்கிறது. உங்கள் 410 கிரெயின் அம்பின் நுனியில் அந்த முனையை மட்டும் மாட்டினால் அந்தப் பலன் முழுவதும் வந்துவிடாது. ஒய்ட்டெயில் மானின் விலா எலும்புக்கு அது தேவையும் இல்லை. இரண்டு பிளேடு மட்டும் உள்ள முனை ஆழமாகப் போகும், ஆனால் மானில் ரத்தத் தடம் சில நேரம் மெலிதாகவே இருக்கும். வாங்குவதாக இருந்தால் குறுக்கே சிறிய துணைப் பிளேடு உள்ளதாகப் பாருங்கள்.

ஆக, இந்த ஆண்டுக்கு என் பரிந்துரை: 100 கிரெயின், மடங்காத மூன்று நிலையான பிளேடு, 1 1/16 முதல் 1⅛ அங்குலம். நுனி உளி போன்றதா, தொட்டவுடன் வெட்டும் கத்தி நுனியா என்று பார்த்தால், உங்கள் வில்லுக்கு கத்தி நுனியையே எடுப்பேன், நுழையும்போது குறைவாகவே தடுக்கும். உளி நுனி எலும்பில் மடங்காது என்பது அதன் பலம், அதிலும் தவறில்லை. பிளேடு மாற்றும் வகையாக இருந்தால் பிளேடு தடிமனாக இருக்கிறதா, உடலில் ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே எஃகுத் துண்டில் செய்தது இன்னும் உறுதி. ஆனால் சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வாங்குவதற்கு முன் நீங்கள் வேட்டையாடும் இடத்தின் விதிப் புத்தகத்தைப் படியுங்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வெட்டு அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும், பின்னோக்கிய கொக்கி உள்ள முனைகள் கூடாது. வில்லின் குறைந்தபட்ச இழுவையும் பல இடங்களில் சொல்லப்பட்டிருக்கும். மெக்கானிக்கல் பற்றிய விதி இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்து போன்ற இடங்களில் வில்லால் மான் வேட்டையாடுவதே குற்றம்.

இப்போதுதான் முக்கியமான வேலை வருகிறது. நிலையான பிளேடு என்பது அம்பின் முன்பக்கம் ஒட்டிய இறக்கை. வில் சரியாகச் சீர் செய்யப்படாமல் அம்பு கொஞ்சம் சாய்ந்து கிளம்பினாலும், அந்த இறக்கை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பயிற்சி முனையில் பின்பக்க இறகுகள் அந்தப் பிழையை மறைத்துவிடும், பிராட்ஹெட்டில் மறைக்க முடியாது. "நிலையான பிளேடு நேராகப் போகாது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் குறை வில்லின் அமைப்பில்தான் இருக்கிறது.

முதலில் முனையை மாட்டிய அம்பைச் சுழற்றிப் பாருங்கள். நுனி தள்ளாடினால் அந்த அம்பை வேட்டைக்கு எடுக்க வேண்டாம். அப்புறம் 20 கெஜத்தில் பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் மாறி மாறி எய்யுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். பிராட்ஹெட் இடப்பக்கம் விழுந்தால் அம்பு தாங்கியைச் சற்று வலப்பக்கம் நகர்த்துங்கள். கீழே விழுந்தால் தாங்கியை உயர்த்துங்கள். அதாவது பிராட்ஹெட்டிலிருந்து பயிற்சி முனை இருக்கும் திசைக்கு. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. குறிபார்க்கும் கருவியைத் தொட வேண்டாம், அது பிழையை ஒளித்து வைக்கத்தான் உதவும். 20-ல் சேர்ந்த பிறகு 30-க்குப் போங்கள். இறகுகளைச் சுருளாக ஒட்டியிருந்தால் அம்பு வேகமாகச் சுழன்று நிலைபெறும். இத்தனையும் செய்தும் சேரவில்லை, வேட்டைக் காலமும் வந்துவிட்டது என்றால், மானுக்கு மட்டும் 1½ அங்குலத்துக்கு மேல் போகாத மெக்கானிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான இடத்தில் விழாத முனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. பிளேடுகளைப் பிடித்து வைக்கும் ரப்பர் வளையம் பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள், காய்ந்து வெடித்தால் பறக்கும்போதே பிளேடு திறந்துகொள்ளும்.

கூர்மையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், பயிற்சி இலக்கில் எய்த அதே முனையைத் துடைத்துவிட்டு வேட்டைக்கு எடுத்துப் போனேன். அம்பு நல்ல இடத்தில்தான் பட்டது. ஆனாலும் தடம் நூல் போல மெலிந்து, ஓடையோரத்தில் காணாமல் போயிற்று. அடுத்த நாள் மாலை வரை தேடியும் அந்த மான் கிடைக்கவில்லை. மழுங்கிய விளிம்பு ரத்தக் குழாயை அறுக்காமல் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகும். பயிற்சி இலக்கின் நுரை ஒரே எய்தலில் விளிம்பைக் கெடுத்துவிடும். எனவே பயிற்சிக்கு ஒரு முனையை ஒதுக்குங்கள், வேட்டைக்கு உள்ளவை இலக்கைத் தொடவே கூடாது. முன்கையில் உள்ள முடியை எளிதாக மழிக்கிறதா, இழுத்துப் பிடித்த ரப்பர் பட்டையை லேசாகத் தொட்டதும் அறுக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்ததையும் சோதியுங்கள், எல்லாமே கூராக வருவதில்லை. மாட்டும்போது விரலால் திருகாமல் அதற்கான சாவியைப் பயன்படுத்துங்கள். தூணியில் முனைகளை மூடும் உறை இருக்கட்டும்.

எல்க்குக்கு முனையை மட்டுமல்ல, அம்பையே மாற்றுங்கள். சற்றுக் கனமான தண்டு, 125 கிரெயின் முனை, மொத்தம் 460 முதல் 480 கிரெயின். முன்பக்க எடை கூடினால் தண்டின் விறைப்பும் அதற்கேற்ப இருக்க வேண்டும், அதனால் மறுபடியும் சீர் செய்ய வேண்டியிருக்கும். அங்கே நண்பரின் வாதத்துக்கு வலு கூடுகிறது. ஒரே துண்டில் செய்த இரண்டு பிளேடு, துணைப் பிளேடோடு. காட்டுப்பன்றிக்கும் இதுவே பொருந்தும், அதன் தோளில் கேடயம் போலத் தடித்த தோல் இருக்கும், நுரையீரலும் மானைவிட முன்னாலும் கீழாகவும் இருக்கும். கரடியில் கொழுப்பும் ரோமமும் ஓட்டையை அடைத்துவிடும். அதற்கு இரண்டு பக்க ஓட்டை இன்னும் அவசியம்.

எய்யும் கோணத்தை முனை ஈடுகட்டாது. மான் முழுப் பக்கவாட்டில் நிற்கும்போது, அல்லது உங்களிடமிருந்து சற்று விலகிச் சாய்ந்து நிற்கும்போது மட்டும் எய்யுங்கள். நேருக்கு நேர் நின்றால் வில்லைத் தாழ்த்திவிடுங்கள். பட்ட பிறகு அம்பை எடுத்துப் பாருங்கள். நுரை குமிழியோடு இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் காத்திருங்கள். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம், குறைந்தது நான்கு மணி நேரம். பச்சை நிறமும் நாற்றமும் இருந்தால் குடல், 8 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் பின்தொடர வேண்டும். முன்னதாகவே போனால் படுத்திருக்கும் மான் எழுந்து ஓடிவிடும்.

மூன்று முனை கொண்ட ஒரு பெட்டியை இப்போதே வாங்கி, ஒன்றைப் பயிற்சிக்கு என்று குறியிட்டு வையுங்கள். இரண்டு வாரம் எய்து பார்த்துவிட்டு, 30 கெஜத்தில் எப்படி விழுகிறது என்று எனக்கு எழுதுங்கள். தாங்கியை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.