ரெடிமேட் புராஜெக்ட் வாங்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் வீடு. பி.டெஸ். (வடிவமைப்புப் பட்டப்படிப்பு) முதலாண்டு படிக்கிறேன். 'என்னைப் பாதித்த வடிவமைப்பாளர்' என்று 30 பக்க அறிக்கை கேட்டிருக்கிறார்கள். எனக்கு யாரையும் அவ்வளவாகத் தெரியாது. ஜங்ஷன் பக்கம் ஒரு புராஜெக்ட் சென்டரில் 2,500 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? இல்லையென்றால் யாரை எடுப்பது?

பதில்: வாங்காதீர்கள். அந்த ஃபைலில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஜெர்மன் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் நல்ல வடிவமைப்புக்குச் சொன்ன பத்துக் கொள்கைகள், ப்ரௌன் கம்பெனிக்கு அவர் வடிவமைத்த ஒரு ரேடியோவின் படம், பிறந்த ஊர், வாங்கிய விருதுகள். போன வருஷம் வேறொரு பிள்ளைக்கு விற்றதை அட்டை மாற்றி உங்கள் தலையில் கட்டுவார்கள். ராம்ஸ் மேல் குறையில்லை. அவரையும் மனப்பாடச் செய்யுள் ஆக்கிவிட்டார்களே என்பதுதான் வயிற்றெரிச்சல். கல்லூரிகளையும் சொல்ல வேண்டும்: பக்கத்தை எண்ணி, ஸ்பைரல் பைண்டிங்கைத் தடவிப் பார்த்து மார்க் போடுகிறவரை சென்டர்காரர்களின் கல்லா நிறையத்தான் செய்யும்.

சரி, யாரை எடுப்பது? ஆளை விடுங்கள், ஒரு வேலையை எடுங்கள். நியூயார்க் சுரங்க ரயிலுக்கு வடிவமைப்பாளர் மாசிமோ விக்னெல்லி 1972-ல் போட்ட வரைபடம் இருக்கிறது. கோடுகள் 45 அல்லது 90 டிகிரியில்தான் திரும்பும். பார்க்க அத்தனை சுத்தம். ஆனால் நீளமான, பச்சையான சென்ட்ரல் பார்க்கை அது சாம்பல் நிறச் சதுரமாகக் காட்டியது. தெருக்களை அத்துபடியாக அறிந்த ஊர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள், 1979-ல் மாற்றிவிட்டார்கள். லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் போட்டதும் நேர்கோட்டு வரைபடம்தான். 1933-ல் வெளிவந்தது, அதன் வாரிசு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று நின்றது, மற்றது ஏன் அப்போது நிற்கவில்லை? அறிக்கைக்கு இந்த ஒரு கேள்வி தாங்கும்.

அது ரொம்ப தூரம் என்றால் ரூபாய்க் குறியை எடுங்கள். தமிழ்நாட்டுக்காரரான டி. உதயகுமார் வரைந்தது, 2010 ஜூலையில் அரசு ஏற்றது. தேவநாகரி 'ர'வும், நெட்டுக்கோடு இல்லாத ரோமன் 'ஆர்' எழுத்தும் அதில் ஒன்றாகியிருக்கின்றன. டவுனில் அல்வாக் கடை, காய்கறிக் கடை விலைப் பலகைகளைப் படமெடுங்கள். சாக்பீஸில் எழுதுகிறவர் மேலே உள்ள இரண்டு கோட்டில் எதை விழுங்குகிறார், கீழே சாயும் கால் எங்கே வளைகிறது, இன்னும் 'ரூ.' போட்டே சமாளிப்பவர் யார் என்று பாருங்கள். இதை எந்தச் சென்டரும் விற்க முடியாது.

அப்புறம், பார்த்து வரைவதே தப்பா என்று குழம்ப வேண்டாம். பழகுவதற்காக வரையலாம், வரையவும் வேண்டும். டிரேசிங் பேப்பர் வைத்துக்கூட எடுக்கலாம். ஆனால் அடியில் 'இன்னார், இந்த ஆண்டில் செய்ததைப் பார்த்து வரைந்தது' என்று எழுதிவிடுங்கள். நிறத்தை மாற்றினால் அது உங்களுடையது ஆகாது. இடவலம் திருப்பினாலும் ஆகாது. கம்ப்யூட்டரிடம் 'அதே பாணியில் போடு' என்று கேட்டு வாங்கினாலும் ஆகாது. போர்ட்ஃபோலியோவில் (உங்கள் வேலைகளைத் திரட்டிக் காட்டும் தொகுப்பில்) பயிற்சிப் படங்களுக்குத் தனிப் பகுதி வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெயரில்லாமல் நடுவில் செருகினால்தான் வம்பு.

பெயர் தெரிந்தவர்தான் வடிவமைப்பாளர் என்றும் இல்லை. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் இந்திய அரசுக்குத் தந்த அறிக்கையில் மெச்சியது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு உருவான நம் சொம்பைத்தான். அந்த அறிக்கையைத் தொட்டுத்தான் 1961-ல் அகமதாபாத் என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) வந்தது. உங்களுக்குப் பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறது. ஆசிரியர் ஒத்துக்கொண்டால் அங்கே போய்க் கோரைப் பாய் நெய்கிறவரிடம் ஒரு மதியம் உட்காருங்கள். கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்கள், பாவுக்கு (நீளவாக்கில் ஓடும் இழைக்கு) என்ன நூல் போடுகிறார்கள், கரையில் நிறம் எப்படி மாறுகிறது என்று கேட்டு எழுதுங்கள். 'கூட்டிப்போய் அறிமுகம் செய்கிறேன்' என்று கமிஷன் கேட்கும் ஆள் வேண்டாம். அம்பாசமுத்திரம் பஸ் ஏறினால் நீங்களே போய்விடலாம். அவர்கள் வேலை கெடும் நேரத்துக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.